பாய்லர் புகையும் என் பிரஷரும்

எனக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்த அன்று எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. "இந்த அம்மணி கோவத்துக்கு அது இல்லாம இருந்தாத்தானுங்க அதிசயம்" என்று என் கணவர் டாக்டரிடமே சொன்னார். டாக்டர் சிரித்தார். எனக்கு வந்த எரிச்சலில் உடனே இன்னொரு முறை அளந்திருந்தால் இன்னும் ஏறித்தான் இருக்கும்.

கோபக்காரி என்ற பெயரை நான் மறுக்கவில்லை. துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. முன்னறைதான் என் தையல் கடை. நாளைக் காலையில் முகூர்த்தம் என்று இன்று சாயங்காலம் ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடம் வேறு எப்படிப் பேசுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து என் பகல்கள் அந்த அறையில்தான் போயிருக்கின்றன. வாசலுக்கு நேரே பஸ்ஸும் லாரியும் நின்று நின்று போகும். காலையில் வெட்டி வைத்த வெள்ளை லைனிங் துணியின் ஓரம் சாயங்காலம் சாம்பல் நிறமாகியிருக்கும். ரோட்டைத் திட்டிவிட்டு, மெஷினைத் துடைத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பேன். அதே காற்று எனக்குள்ளும் போகிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. துணி அழுக்காவதுதான் என் கவலை.

ஆனால் அன்று நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்காக அல்ல. என் தம்பிக்காக.

எனக்கு அவன் ஒரே தம்பி. பல்லடத்தில் அப்பா விட்டுப்போன விசைத்தறிகளை ஓட்டிக்கொண்டிருந்தான். எதற்கும் வாய் திறக்காதவன். சின்ன வயதில் முள் குத்தினால்கூட நான்தான் அழுவேன், அவன் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பான். இப்படியே இருந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஒரு நாள் தறிக்கூடத்திலேயே விழுந்த பிறகுதான் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்று தெரிந்தது. ரத்த அழுத்தம் பல வருடமாக ஏறிக்கிடந்து சிறுநீரகத்தைக் கெடுத்ததா, சிறுநீரகம் கெட்டதால் அழுத்தம் ஏறியதா என்று டாக்டர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு அவன் வாழ்க்கை டயாலிசிஸ் மெஷினோடு என்று ஆனது.

ஒரு சிறுநீரகம் கொடுக்க அம்மா அப்பா இல்லை. தம்பி மனைவிக்குச் சர்க்கரை. மிச்சம் நான். என் ரத்தம் அவன் ரத்தத்தோடு பொருந்தியது. ஒவ்வொரு பரிசோதனையாகத் தாண்டி வந்தபோது எனக்குப் பெருமைகூட இருந்தது. பரீட்சையில் நான் இவ்வளவு பாஸ் செய்தது பள்ளிக்கூடத்தில்கூட இல்லை. கடைசியில் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார்கள். அங்கே நின்றுபோனது எல்லாம்.

சிறுநீரக டாக்டர் என்னைவிட ரொம்பச் சின்னப் பெண். தெற்கத்திக்காரர். பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. "பிரஷர் இவ்வளவு இருக்கிற ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு கிட்னியை எடுத்துட்டு ஒண்ணோட வீட்டுக்கு அனுப்ப என்னால முடியாதும்மா. தம்பி எனக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு நீங்களும் முக்கியம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தம்பியின் கையில் டயாலிசிஸுக்கு ஊசி போடுகிற ரத்தக்குழாய் மறுபடி மறுபடி அடைத்துக்கொள்கிறது, ரொம்ப காலம் தள்ள முடியாது என்பதையும் சொன்னார். நான் என் அழுத்தத்தை இறக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். இறங்காவிட்டால் என் தம்பிக்கு வேறு வழியில்லை.

உப்பை விட்டேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் விட்டேன். கோபத்தையும் விட்டேன், அதுதான் பெரிய பாடு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்தவரிடம் "சரீங்க, தெச்சுத் தாரனுங்க" என்று நான் சாந்தமாகச் சொன்னதைக் கேட்டு அவர் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று என் கணவரிடம் விசாரித்துவிட்டுப் போனார். இத்தனை செய்தும் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அழுத்தம் அதே உயரத்தில் நின்றது. சில முறை இன்னும் ஏறியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. என் உடம்பு என் பேச்சைக் கேட்காமல் என் தம்பியைக் கைவிடுகிறது என்று நினைத்தேன்.

பார்க்கிற நேரத்தில் பதற்றத்தால் ஏறுகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரிகிற கருவி ஒன்றைக் கொடுத்தார். மேல்கையில் பட்டை, அதிலிருந்து ஒரு குழாய், இடுப்பில் சின்னப் பெட்டி. அரைமணிக்கொரு தரம் அதுவாகவே உப்பி, கையைப் பிடித்து இறுக்கி, மெதுவாக விடும். என்ன வேலை செய்தாலும் வழக்கம்போலச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரு நாளை என்னால் மறக்க முடியாது. பட்டை இறுகும்போதெல்லாம் என் நாடி அந்த இடத்தில் அடிப்பது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு அதைக் கவனித்தேன். நான் பட்டன் தைத்தாலும், பேசினாலும், தூங்கினாலும் இது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் எனக்குள் இப்படி ஒரு ஆள் வேலை செய்கிறான் என்று அன்றுதான் கவனித்தேன், வெட்கமாகவும் இருந்தது, மலைப்பாகவும் இருந்தது.

மறுநாள் விடியலில் பட்டையைக் கழற்றாமலே வழக்கம்போல எழுந்து வெந்நீர் போட்டேன். எங்கள் பக்கத்தில் வெந்நீர் என்பது சாதாரண விஷயம் இல்லை. வீட்டுப் பின்பக்கத்தை நாங்கள் பொடக்காலி என்போம். அங்கே ஒரு பெரிய செம்புப் பாய்லர், அடியில் அடுப்பு, பக்கத்தில் எரிக்கிற சாமான். கெய்சர் வந்த பிறகும் பாய்லரை விடாத வீடுகள் எங்கள் தெருவின் பின்வரிசையில் ஏராளம். எங்கள் வீட்டில் எரிந்தது பனியன் வேஸ்ட். திருப்பூரில் பனியன் வெட்டும்போது மிஞ்சுகிற துணித்துண்டு. கலர் கலராக, ஓரத்தில் எலாஸ்டிக்கோடு, மூட்டை மூட்டையாக வரும். ஒரு தீக்குச்சி போதும், திகுதிகுவென்று பிடித்துக்கொள்ளும். கரும்புகை சுவரேறி மேலே போகும். நான் குனிந்து ஊதுகுழலால் ஊதுவேன். கல்யாணமான மறுநாள் தொடங்கிய வேலை அது.

அந்த மூட்டைகளை அனுப்புகிறவன் என் தம்பி. திருப்பூர்ச் சிநேகிதர்களிடம் சொல்லி வைத்து, நல்லதாகப் பொறுக்கி, கோயமுத்தூர் வருகிற வேனில் ஏற்றிவிடுவான். பொங்கலுக்குச் சேலை தருவதுபோல அதையும் அவன் தவறவிட்டதில்லை. படுத்த பிறகும் மூட்டை வந்துகொண்டுதான் இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து வந்த சூட்டில் குளிக்கிறேன் என்று நான் ஒறம்பரையாக வருகிற சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுவேன்.

கருவியைத் திருப்பிக் கொடுத்ததும் டாக்டர் தன் கம்ப்யூட்டரில் அந்த நாள் முழுவதையும் ஒரு கோடாக வரைந்து காட்டினார். பதற்றம் காரணமில்லை, வீட்டிலும் அழுத்தம் அதிகம்தான். தூக்கத்தில் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. விடியலில் ஒரு இடத்தில் கோடு செங்குத்தாக எழும்பியிருந்தது. அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டார்.

"வெந்நி போட்டுட்டிருந்தனுங்க."

"ஹீட்டர் போடுறதுக்கு ஏன் இவ்வளவு ஏறுது?"

நான் பாய்லரைச் சொன்னேன். பனியன் வேஸ்ட்டைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எத்தனை வருடமாக என்றார். பிறகு கேள்வி மேல் கேள்வி. கடை எங்கே, கதவு திறந்திருக்குமா, எங்கே தூங்குகிறீர்கள், பிறந்த ஊர் எது. நான் வளர்ந்தது தறிக்கூடத்துக்குள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தறிக்கடியில் உட்கார்ந்துதான் பாடம் எழுதுவோம். எழுந்து வரும்போது எனக்கும் தம்பிக்கும் தலையெல்லாம் பஞ்சு ஒட்டி நரைத்திருக்கும். கிழவன் கிழவி என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சிரிப்போம். அதையும் சொன்னேன்.

பிறகு அவர் எனக்கு விளக்கினார். அவசரப்படாமல், படம் போட்டு. பஞ்சு மாதிரி கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்து வைத்துவிடும். புகையில் இருக்கிறது வேறு வகை, தலைமுடியைவிடப் பல மடங்கு சன்னமானது. அது நுரையீரலின் அடி ஆழம் வரைக்கும் போய்விடும். அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர், வெங்காயச் சருகு கனம்கூடக் கிடையாது. நுரையீரலை முழுதாக விரித்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடியையே மூடிவிடுமாம். அத்தனை பரப்பிலும் அந்த மெல்லிய சுவர். அந்தச் சன்னத் தூசி அங்கே போய் உட்கார்ந்தால் உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்கு எழும்பும். ரத்தக்குழாய்கள் இறுகும். ஒரு நாள் புகைக்கு ஒரு நாள் இறுக்கம், அப்புறம் தளர்ந்துவிடும். வருடக்கணக்காக இதே நடந்தால் குழாய்களுக்குத் தளர்வதே மறந்துபோகும்.

நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு அபூர்வம். என் மார்புக்குள் ஒரு மொட்டை மாடியைச் சுருட்டி வைத்திருக்கிறேன், அதில் மேட்டுப்பாளையம் ரோடு முழுவதும் இத்தனை காலம் வந்து படிந்திருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். பயமா என்றால், முதலில் வந்தது பயம் இல்லை. இவ்வளவு நுட்பமான ஒன்றை ஒன்றும் தெரியாமல் நான் கொண்டுசெலுத்தியிருக்கிறேனே என்ற பிரமிப்பு. இத்தனையும் பட்டுக்கொண்டு அது என்னை உயிரோடு வைத்திருக்கிறதே என்ற நன்றி.

"புகை மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். வயசு இருக்கு, உப்பு இருக்கு, ரோட்டுச் சத்தத்துல தூக்கம் கெடுது, பரம்பரை இருக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா நம்ம கையில இருக்கிறதை நிறுத்திப் பார்ப்போம். ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னைக்கும் இப்படித்தான் வெந்நீர் போட்டீங்களா?"

போட்டேன். அன்றைக்கு மட்டும் இன்னும் பெரிதாக. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் எங்களுக்குக் கோயிலுக்குப் போகிற மாதிரி. தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டித்தான் படியேறுவோம். என்னோடு வருகிற கணவருக்கும் சேர்த்துப் பாய்லரை நிரப்பி, கூடுதல் துணி போட்டு எரித்து, அந்தப் புகையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு போய்க் கையை நீட்டியிருக்கிறேன்.

தம்பியும் அன்று அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தான். டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டவன் வெளியே வந்ததும் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"நானே அனுப்பிச்சுப்போட்டனுங்களாக்கா" என்றான்.

அவன் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "நீ அனுப்புனது துணி. பத்த வெச்சது நானு. எந்திரி, டிபன் சாப்புடலாம்" என்று அதட்டினேன்.

அன்றைக்கே பாய்லரை நிறுத்தினேன். என் கணவருக்குத்தான் துக்கம். "கெய்சர் தண்ணியெல்லாம் ஒரு தண்ணியாங்க? மேல ஊத்துனா வழிஞ்சுதான் போகுது, ஒடம்புல சுவறமாட்டீங்குது" என்று ஒரு வாரம் முனகினார். ஆனாலும் அவர்தான் கடைசியில் பாய்லரைக் கழற்றித் துலக்கி மேலே பரணில் ஏற்றினார். தையல் மெஷினைப் பின்னறைக்கு மாற்றிக்கொடுத்ததும் அவர்தான். படுக்கையையும் ரோட்டுப் பக்கத்திலிருந்து பின்னால் கொண்டுபோனோம். டாக்டர் ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்தார். நல்ல காற்று வேண்டுமென்று அன்னூருக்குப் பக்கத்தில் கணவரின் அக்கா தோட்டத்துக்கு சில நாள் இருக்கலாம் என்று போனேன். அங்கே விடியலில் தென்னை மட்டை போட்டு எங்கள் பாய்லரைவிடப் பெரிய பாய்லர் எரிந்தது. சாயங்காலம் சருகைக் கூட்டிப் பற்றவைத்தார்கள். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மிச்சமிருந்த மூட்டைகள்தான் பிரச்சனை. எரிகிற சாமானை வீணாகப் போடுவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். பின்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஆகுமுங்களா, எடுத்துக்குங்க" என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். மதில் மேலேயே மூட்டைகளைக் கைமாற்றினோம். நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

அடுத்த முறை பார்த்தபோது அழுத்தம் இறங்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். மாத்திரையும் போட்டுக்கொண்டு, புகையையும் விட்டுவிட்டு, இதுதான் பலன். டாக்டர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கையில் இருந்த ரத்தக்குழாய் முழுதும் அடைத்துப்போனதால் தம்பிக்குக் கழுத்து வழியாக டயாலிசிஸ் குழாய் போட்டிருந்தார்கள். அவனைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த எனக்கு எதிலும் நம்பிக்கை போய்விட்டது. கோபம்தான் காரணம் என்று ஊரே சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று முதல் தடவையாக நானே நினைத்தேன்.

மறுநாள் காலையில் பின்னறை ஜன்னலைத் திறந்தபோது ஒரு வாசம் அடித்தது. எலாஸ்டிக் கருகுகிற வாசம். எனக்கு அதைத் தெரியாமல் இருக்குமா. பொடக்காலிக்குப் போய்ப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரும்புகை எழும்பி, காற்றுக்குச் சாய்ந்து, நேராக எங்கள் பின்னறை ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. இப்போது நான் தூங்குகிற அறை, தைக்கிற அறை. பின்வீட்டு அம்மா என் மூட்டையை வைத்து எனக்கே புகை போட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகையும் வந்தது.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. எரிக்காதீர்கள் என்று சொல்வது அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு. என்ன சொல்வது என்று மதில் ஓரத்தில் நின்று ஒத்திகை பார்த்தேன். பின்வீட்டு அம்மாவே பார்த்து, "ஏனுங் அம்மணி, மொகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குது" என்று கேட்டார். சொல்லிவிட்டேன். தம்பியை, கழுத்துக் குழாயை, கம்ப்யூட்டரில் பார்த்த கோட்டை, சன்னத் தூசியை, எல்லாவற்றையும்.

அவர் நான் முடிக்கிற வரைக்கும் நிற்கவில்லை. சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றிவிட்டார். புஸ்ஸென்று அணைந்தது. "இதைய முன்னாலயே சொல்லியிருந்தா நான் பத்தவெச்சிருப்பனுங்களா?" என்றார். அவருக்குத்தான் கோபம் அன்று. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் மூணு வருசமா பிரசர் மாத்திரைதானுங்க. மருமக கூட சண்டை போடறதாலன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

அவர்தான் பின்வரிசை முழுக்கப் போய்ச் சொன்னவர். நான் யாரிடமும் கேட்கவில்லை. அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொரு வீட்டுப் பாய்லராக நின்றது. எனக்கு அதுவரை முகம்கூடச் சரியாகத் தெரியாத பெண்கள், நான் ரவிக்கை கெடுத்துவிட்டேன் என்று சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய ஒருவர்கூட, "தம்பிக்கு எப்ப ஆப்ரேசனுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூலை வீட்டுக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. அவர் தென்னை மட்டைதான் எரிக்கிறாராம், அதில் புகையே வராதாம். புகை அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

ரோட்டை யாரும் நிறுத்த முடியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மார்கழிக் காலை ஒன்றில் துணி காயப்போட மாடிக்குப் போனவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். மேற்கே மலை தெரிந்தது. மழை விட்ட நாள்களில் பகலில் பார்த்திருக்கிறேன்தான். பனிக்காலத்து விடியலில், மடிப்பு மடிப்பாக, மரங்கள் தனித்தனியாக எண்ணிவிடலாம் போல இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இத்தனை வருடமாக அதைப் பனி மறைக்கிறது என்று நினைத்திருந்தேன். பனியோடு எங்கள் பத்துப் பதினைந்து பாய்லரும் சேர்ந்து மறைத்திருக்கின்றன. நான் மூச்சை இழுத்து விட்டேன். ஒன்றும் தடுக்கவில்லை. ஒரு மலைக்கும் என் ரத்தத்துக்கும் நடுவில் இருப்பது இந்தக் காற்று மட்டும்தான் என்று தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுபடி அந்தப் பட்டையைக் கட்டி ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். டாக்டர் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். அதிசயம் நடந்துவிடவில்லை. கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ஆனால் இரவில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியிருந்தது, விடியலில் செங்குத்தாக எழும்பவில்லை. "மாத்திரை கொஞ்சம், தூக்கம் கொஞ்சம், காத்து கொஞ்சம். எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு, "கொடுக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மயக்கத்தில் இருந்தேன். விழித்தபோது கணவர் பக்கத்தில் நின்றார். என்னைக் கேலி செய்தே பழகிய மனிதர், என் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அறுவை டாக்டர் வந்து சொன்னார். என்னிடமிருந்து எடுத்தபோது வெளுத்துக்கிடந்த சிறுநீரகம், தம்பியின் ரத்தக்குழாயோடு சேர்த்து, ரத்தத்தைத் தடுத்து வைத்திருந்த இடுக்கியை எடுத்ததும் அவர்கள் கண்முன்னே சிவந்ததாம். தையல் முடிவதற்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிட்டதாம். தையல்காரியான எனக்கு அது விளங்கவே இல்லை. ஒரு துணியில் இருந்து வெட்டியதை இன்னொரு துணியில் வைத்துத் தைத்தால் ஒட்டாகத்தானே தெரியும். இது போன இடம் தன் இடமென்று எப்படித் தெரிந்துகொண்டது? டாக்டரிடமே கேட்டேன். பல வருடமாகச் செய்கிறேன், எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருக்கிறது என்றார் அவர்.

எழுந்து நடக்கச் சொன்ன நாளில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கணவரின் தோளில் சாய்ந்து தம்பி இருக்கிற அறை வரைக்கும் போனேன். உள்ளே விடமாட்டார்கள். கிருமி பட்டுவிடக் கூடாதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனியாக வைத்திருந்தார்கள். முகக்கவசத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலைமாட்டில் இருந்த திரையில் அவன் ரத்த அழுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரைகளைப் பாதியாகக் குறைத்த பிறகும், ரோட்டில் போகிற யாருக்கும் இருக்கிற சாதாரண அழுத்தம். என்னிடமிருந்து போனது அவனுக்குள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நர்ஸ் அவனிடம் போனைக் கொடுத்தார். இந்தப் பக்கம் கணவர் தன் போனை என் காதில் வைத்தார். தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு மறு கையால் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லீங்கக்கா. தலை வலிக்கவே மாட்டீங்குது" என்றான்.

அவனுக்குத் தலை வலிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. எப்போதிருந்து என்றேன்.

"எப்பவுமேதானுங்க. தறிச் சத்தமாட்டம் உள்ள ஓடிட்டே இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சிட்டிருந்தேன்." அவன் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தான். "இன்னைக்கு அது நின்னுபோச்சுங்கக்கா. உங்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்குமுங்களா? தெனமும் இப்படியா?"

"ஆமா கண்ணு" என்றேன்.